முட்டை சேராத பிள்ளை: அலர்ஜியும் ஒத்துக்கொள்ளாமையும்

நாமக்கல் மண்டலத்துப் பண்ணைகளிலிருந்து நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகள் லாரி ஏறுகின்றன. கேரளத்துக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போவது போக, ஒரு பெரும் பங்கு தமிழ்நாட்டின் சத்துணவுக் கூடங்களுக்குப் போகிறது. எம்.ஜி.ஆர். 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் முட்டை சேர்ந்தது 1989-இல். அப்போது இரண்டு வாரத்துக்கு ஒன்றுதான். 1998-இல் வாரம் ஒன்று, 2006-இல் இரண்டு, 2007-இல் மூன்று, 2010-இல் வாரம் ஐந்து என்று அது வளர்ந்தது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருவது வழக்கம். ஒரு பிள்ளை முட்டை சாப்பிடாமல் இருக்கக் காரணங்கள் பல. வீடு சைவமாக இருக்கலாம். வாடை பிடிக்காமல் இருக்கலாம். எப்போதோ ஒருமுறை வயிறு உப்பிப் புளித்த ஏப்பம் வந்திருக்கலாம். அல்லது ஒன்றரை வயதில், முட்டை ஊட்டிய பத்தாவது நிமிடத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, வாந்தியும் இளைப்பும் வந்திருக்கலாம். முதல் மூன்றில் ஒன்றும் உயிருக்கு ஆபத்தானதல்ல. நான்காவது அப்படியல்ல. ஆனால் சத்துணவுக் கூடத்தில் நான்கும் "அதுக்கு முட்டை சேராதுங்க" என்ற ஒரே வரியாகத்தான் வந்து சேருகின்றன. இந்த நான்கையும் பிரித்தறியப் பெரும்பாலும் ஆய்வுக்கூடம் தேவையில்லை, சரியான கேள்விகளே போதும் என்பதும், பிரிக்காமல் விடுவதால் இரண்டு பக்கமும் பிள்ளைகள் நட்டப்படுகிறார்கள் என்பதுமே இந்தக் கட்டுரையின் வாதம்.

உணவு அலர்ஜி என்பது உடலின் எதிர்ப்பு மண்டலம் செய்யும் வேலை. உணவிலுள்ள ஒரு புரதத்தைப் பகையென்று தவறாகக் கருதி, ஐ.ஜி.ஈ என்னும் எதிர்ப்பொருளை உடல் முன்கூட்டியே செய்து வைத்திருக்கும். தோலிலும் குடலிலும் மூச்சுக்குழலிலும் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் அது ஒட்டிக் காத்திருக்கும். அடுத்த முறை அந்தப் புரதம் உள்ளே வந்ததும் செல்கள் வெடித்து ஹிஸ்டமினைக் கொட்டும். அதனால்தான் அலர்ஜி சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள், தெரிந்துவிடுகிறது. அதனால்தான் ஒரு வாய் தின்றாலும் வருகிறது. தோல், வயிறு, மூச்சு, இரத்த அழுத்தம் என்று ஒரே நேரத்தில் பல இடங்களைத் தாக்குகிறது. ஒத்துக்கொள்ளாமையில் எதிர்ப்பு மண்டலத்துக்கு வேலையே இல்லை. ஒரு செரிமான நொதி குறைவாக இருக்கும், அல்லது உணவிலுள்ள ஒரு வேதிப்பொருளை உடலால் போதிய வேகத்தில் கையாள முடியாது. எனவே அளவுதான் அங்கே பேசும். கொஞ்சம் என்றால் ஒன்றுமில்லை, அதிகம் என்றால் தொல்லை. தொல்லையும் பெரும்பாலும் வயிற்றோடு நிற்கும். எவ்வளவு நேரத்தில் வந்தது, எவ்வளவு தின்றதற்கு வந்தது, உடம்பில் எங்கெல்லாம் வந்தது, தின்ற ஒவ்வொரு முறையும் வந்ததா என்ற நான்கு கேள்விகளும் இந்த இயக்கத்திலிருந்து நேராகப் பிறப்பவை.

பாலை எடுத்துக்கொண்டால் இது தெளிவாக விளங்கும், ஏனென்றால் ஒரே டம்ளர் பாலில் இரண்டுக்குமான காரணம் இருக்கிறது. பாலிலுள்ள கேசினும் மற்றப் புரதங்களும் அலர்ஜி தருபவை. பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாமை தருவது. லாக்டோஸை உடைக்கும் லாக்டேஸ் நொதி அநேகமாக எல்லாக் கைக்குழந்தைகளின் குடலிலும் நிறைய இருக்கும். வளர வளரப் பெரும்பாலான மனிதர்களுக்கு அது குறைந்துவிடும். பெரியவர்களிடமும் அது குறையாமல் நிற்பது மாடு மேய்த்துப் பால் குடித்து வாழ்ந்த கூட்டங்களில் பரவிய ஒரு மரபணு மாற்றத்தால். வட இந்தியாவில் அது கூடுதல், தெற்கே குறைவு. தெற்கிலேயே எருமைப் பாலை நம்பி வாழ்ந்த நீலகிரித் தோடர்களிடம் நிறையவே உண்டு. வட, தென் இந்தியர்களை ஒப்பிட்டு 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், மூச்சுப் பரிசோதனைப்படி தெற்கத்தியரில் ஏறத்தாழப் பத்தில் எட்டுப் பேருக்கும் வடக்கத்தியரில் பத்தில் ஆறு பேருக்கும் லாக்டோஸ் முழுதாகச் செரிக்கவில்லை. அப்படியானால் சேலம் நாமக்கல் சமவெளியில் பால் முழுதாகச் செரிக்காத பெரியவர்களே பெரும்பான்மை என்று கருதலாம். இது நோயல்ல; மனித இனத்தின் இயல்பான நிலை. இத்தனை பேர் இருந்தும் இவ்வூர்களின் டீக்கடைகள் காலியாகவில்லை. ஒரு டீயில் விழும் பாலில் லாக்டோஸ் கொஞ்சம்தான். சுமார் 12 கிராம் வரை, அதாவது ஒரு பெரிய டம்ளர் பால் அளவுக்கு, நொதி குறைந்தவர்களிலும் பெரும்பாலோருக்குக் குறிப்பிடத்தக்க தொல்லை இருப்பதில்லை. தயிரில் நுண்ணுயிர்கள் லாக்டோஸின் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. நெய்யில் அது அநேகமாக இல்லை. எனவே பால் குடித்தால் வயிறு கடமுடவென்று இரைந்து கழியும் ஒருவர், மதியச் சோற்றுக்கு மோர் ஊற்றிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். பால் அலர்ஜி உள்ள பிள்ளைக்கு அந்த மோரே ஆபத்து. புளித்தாலும் புரதம் புரதமாகவே இருக்கும்.

கைக்குழந்தைகளிடம் இந்தக் குழப்பம் இன்னும் தீங்கானது. தாய்ப்பாலில் பசும்பாலைவிட லாக்டோஸ் அதிகம். நூறு மில்லிக்கு ஏறத்தாழ ஏழு கிராம். அதைக் குடித்து வளர்வதற்கென்றே குழந்தையின் குடல் அமைந்திருக்கிறது. பிறவியிலேயே லாக்டேஸ் இல்லாத குழந்தை மிக மிக அரிது. வயிற்றுப்போக்குக்குப் பின் குடல் புண்பட்டுச் சில நாட்கள் லாக்டோஸ் செரிக்காமல் போவது உண்டு. அது தானே சரியாகும். அப்படியிருந்தும், குழந்தை அழுதாலோ நாலு முறை கூடுதலாக வெளிக்குப் போனாலோ "பால் சேரல" என்று தாய்ப்பாலை நிறுத்தி டப்பாப் பாலுக்கு மாறுவது நடக்கிறது. மறுபக்கம், பசும்பால் புரதத்துக்கு உண்மையிலேயே அலர்ஜி உள்ள குழந்தைக்கு "ஆட்டுப்பால் குடுத்துப் பாருங்க" என்று அக்கறையோடு சொல்பவர்கள் ஊர்ப்புறத்தில் நிறைய. பசு, எருமை, ஆடு மூன்றின் பால் புரதங்களும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானவை. பசும்பால் அலர்ஜி உள்ள குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஆகாது. லாக்டோஸ் தொல்லை உள்ளவருக்கு ஆட்டுப்பாலால் பயனும் இல்லை, ஏனென்றால் அதிலும் ஏறத்தாழ அதே அளவு லாக்டோஸ் இருக்கிறது. வந்தது எதுவென்று தெரியாமல் சொல்லப்படும் யோசனை இரண்டு நிலைமைக்கும் உதவாமல் போவதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இனி பரிசோதனைகள். நகரத்து ஆய்வுக்கூடங்கள் நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஒரே இரத்த மாதிரியில் விடை சொல்வதாக விளம்பரம் செய்கின்றன. படித்த குடும்பங்கள் பல ஆயிரம் ரூபாய் செலவழித்து நீண்ட பட்டியலோடு திரும்புகின்றன. இந்தப் பட்டியலை நம்பலாமா என்பதற்கு விடை நம் பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வொன்று, 24 உணவுகளுக்கு இரத்தத்தில் ஐ.ஜி.ஈ இருக்கிறதா என்று பார்த்தது. ஏதாவது ஓர் உணவுக்கேனும் ஐ.ஜி.ஈ இருந்தவர்கள் நூற்றுக்கு 26.5 பேர். அந்த உணவைத் தின்றதும் அலர்ஜிக்குரிய அறிகுறியும் இருந்தவர்கள் நூற்றுக்கு 1.2 பேர் மட்டுமே. அதே ஆய்வுக் குழுமத்தின் பள்ளிக் குழந்தைகள் கணக்கில் இந்தியப் பிள்ளைகளிடம் அலர்ஜி என்று கருதத்தக்கது 0.14 சதவீதம், ஹாங்காங்கில் 1.5 சதவீதம். வெறும் இரத்தப் பரிசோதனையை வைத்து உணவை நிறுத்தச் சொன்னால், பெரியவர்களில் இருபது பேரை வீணாகப் பத்தியத்தில் வைத்தால்தான் ஒரு உண்மையான நோயாளி கிடைப்பார் என்பது இதன் பொருள். ஐ.ஜி.ஜி என்ற வேறோர் எதிர்ப்பொருளை அளந்து தரும் பட்டியல்கள் இதைவிட மோசம். ஓர் உணவை நாம் வழக்கமாகத் தின்கிறோம் என்பதைத் தவிர ஐ.ஜி.ஜி வேறெதையும் காட்டுவதில்லை. உணவு அலர்ஜியைக் கண்டறிய அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர் கழகம் 2008-லேயே சொல்லிவிட்டது. நாள்தோறும் சோறும் துவரம்பருப்பும் தின்பவருக்கு அரிசியையும் துவரையையும் சிவப்பில் காட்டும் அறிக்கை, அவர் என்ன சாப்பிடுகிறார் என்பதைத்தான் அவருக்கே திருப்பிச் சொல்கிறது. தோல் ஊசிப் பரிசோதனையும் ஐ.ஜி.ஈ பரிசோதனையும் பயனற்றவை என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. நோயாளி சொன்ன கதையைக் கேட்டு, ஒரு குறிப்பிட்ட உணவின் மேல் சந்தேகம் விழுந்தபின் அதை உறுதிப்படுத்த அவை உதவும். ஐயம் தீராவிட்டால், மருத்துவமனையில் கண்காணிப்போடு அந்த உணவைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்ப்பதே கடைசித் தீர்ப்பு.

அலர்ஜி, ஒத்துக்கொள்ளாமை இரண்டிலும் அடங்காத மூன்றாவது வகை ஒன்று உண்டு. கத்தரிக்காயை எடுத்துக்கொள்வோம். கரப்பான் உள்ளவருக்குக் கத்தரிக்காயும் கருவாடும் ஆகாது என்பது நம் வீடுகளில் ஊறிய விதி. மைசூரில் 741 பேரிடம் நடத்திய ஆய்வு இதைச் சோதித்தது. கத்தரிக்காய் தின்றபின் அரிப்பு முதலிய தொல்லை வருவதாகச் சொன்னவர்கள் ஏறக்குறையப் பத்தில் ஒருவர்; ஐ.ஜி.ஈ வழியான உண்மை அலர்ஜி என்று தேறியது 0.8 சதவீதம். மற்றவர்கள் பொய் சொல்லவில்லை. கத்தரிக்காயிலேயே ஹிஸ்டமின் போன்ற பொருள்கள் இருக்கின்றன. உடல் கொட்ட வேண்டியதை உணவே கொண்டுவந்துவிட்டால் அரிக்கத்தான் செய்யும். மீனில் இது இன்னும் கடுமையாக நேரும். மேட்டூர் அணை மீன் சேலத்துக்கு அன்றைக்கே வந்துவிடுகிறது. சூரை, அயிலை, மத்தி போன்ற கடல் மீன்கள் ஐஸ் பெட்டியில் பல மணி நேரம் பயணம் செய்து வருகின்றன. வழியில் ஐஸ் உருகிக் குளிர் குறைந்தால் மீன் தசையில் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினை உருவாக்கிவிடும். குழம்பு எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது. தின்றவர் முகம் சிவந்து, தலை வலித்து, காணாக்கடி போலத் தடித்துப் போகும். மீன் அலர்ஜி என்று முத்திரை விழும். வாழ்நாள் முழுதும் மீனைத் தொடமாட்டார். அதே சட்டியில் தின்ற மற்றவர்களுக்கும் வந்ததா என்று கேட்டிருந்தால் போதும். அலர்ஜி ஒருவருக்கு வரும். கெட்ட மீன் பந்தியையே பிடிக்கும். இந்த மண்ணின் குச்சிக்கிழங்கும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். அதன் தோலிலும் தழையிலும் சயனைடு தரும் பொருள் உண்டு. ஆடு மாடு தழையை மேய்ந்து சாவதைப் பார்த்த உழவருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சரியாக வேகாத கிழங்கைத் தின்றபின் வரும் தலைசுற்றலும் வாந்தியும் நஞ்சு, அலர்ஜியல்ல. அதே கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, நீரில் கழுவி, மாவைப் படியவைத்து வறுத்தெடுக்கும் சேலத்து ஜவ்வரிசியில் நஞ்சும் போய்விடுகிறது, புரதமும் அநேகமாகப் போய்விடுகிறது. புரதம் இல்லாததால்தான் ஜவ்வரிசிக் கஞ்சி எல்லார் வயிற்றுக்கும் ஒத்துப்போகிறது. அந்தக் காரணத்தாலேயே, முட்டையையும் பாலையும் நிறுத்திய பிள்ளைக்கு அது மாற்று உணவாகாது.

மீண்டும் முட்டைக்கு வருவோம், நாமக்கல்லைச் சுற்றிய ஊர்களில் விலை மலிந்த நல்ல புரதம் அதுதான். முட்டை அலர்ஜி பெரும்பாலும் வெள்ளைக்கருவிலுள்ள புரதங்களால் வருவது. அவற்றில் ஓவால்புமின் வேகவைத்தால் உருக்குலையும். ஓவோமியூகாய்ட் சூட்டைத் தாங்கும். முதலாவதற்கு மட்டும் அலர்ஜி உள்ள பிள்ளைக்கு ஆஃப் பாயில் ஆபத்தாகவும், கேக்கில் வெந்த முட்டை பிரச்சினையற்றதாகவும் இருக்கலாம். முட்டை அலர்ஜிப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பத்தில் ஏழு பேர் மாவோடு சேர்த்து நன்றாகச் சுட்ட முட்டையைத் தாங்குகிறார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பள்ளி சேரும் வயதுக்குள் அலர்ஜியே விலகிவிடுகிறது. மீதமுள்ளவர்களில் பெரும்பாலோருக்கும் பின்னால் விலகும். ஒன்றரை வயதில் விழுந்த "முட்டை சேராது" என்ற முத்திரை பன்னிரண்டு வயதிலும் ஒட்டியிருப்பதற்கு மருத்துவக் காரணம் பெரும்பாலும் இல்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதே காரணம். முட்டை அலர்ஜி உள்ள குழந்தைக்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போடக்கூடாது என்ற பயமும் இதோடு சேர்ந்தது. அந்தத் தடுப்பூசி அவர்களுக்கும் பாதுகாப்பானது என்பது பலமுறை சோதித்துத் தெளிந்த விஷயம். தடுப்பூசி போடாமல் பிள்ளையை அம்மைக்கு ஆளாக்குவதுதான் ஆபத்து. முட்டை மண்டலத்துக்கே உரிய இன்னொன்றும் உண்டு. இறகுத் தூசியையும் எச்சத் தூசியையும் ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர்களில் சிலருக்குப் பறவைப் புரதத்துக்கு முதலில் மூக்கு வழியாக அலர்ஜி ஏற்பட்டு, பின்னர் முட்டையின் மஞ்சள்கரு தின்றாலும் அறிகுறி வரும். குழந்தையில் வெள்ளைக்கரு, பெரியவரில் மஞ்சள்கரு. கோழிப்பண்ணையில் வேலை செய்யும் ஒருவர் நடுவயதில் திடீரென்று முட்டை சேரவில்லை என்றால் அவர் தொழிலையும் கேட்க வேண்டும்.

இங்கே நியாயமான மறுப்புகள் எழும். பள்ளிப் பிள்ளைகளில் 0.14 சதவீதம்தான் என்றால் இவ்வளவு பேச்சு எதற்கு என்று கேட்கலாம். லட்சம் பிள்ளைகளுக்கு 140 பேர் என்று அதையே மாற்றி எழுதினால் சேலம், நாமக்கல் ஆகிய இரண்டு மாவட்டப் பள்ளிகளில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியும். தவிர, அலர்ஜி அரிது என்பதனாலேயே அலர்ஜி என்ற முத்திரைகளில் பெரும்பாலானவை தவறாக இருக்கும் என்பதும் உறுதியாகிறது. சந்தேகம் இருந்தால் நிறுத்திவிடுவதில் என்ன கெட்டுப்போகும் என்பது அடுத்த கேள்வி. இதற்கு நிலக்கடலை விடை சொல்கிறது. பிரிட்டனில் குழந்தைகளுக்குக் கடலையைத் தள்ளிப்போடச் சொன்ன காலத்தில் அங்கே கடலை அலர்ஜி கூடியது. அங்கு வாழும் யூதப் பிள்ளைகளிடம் 1.85 சதவீதம் இருந்த அலர்ஜி, சிறு வயதிலேயே கடலைப் பண்டம் தின்னும் இஸ்ரேலியப் பிள்ளைகளிடம் 0.17 சதவீதம்தான் என்று 2008-இல் தெரிந்தது. பின்பு அலர்ஜிக்கு வாய்ப்பு அதிகமுள்ள 640 கைக்குழந்தைகளை இரு பிரிவாக்கி ஐந்து வயதுவரை பார்த்தார்கள். 2015-இல் வந்த முடிவில், கடலையைத் தவிர்த்தவர்களில் 17.2 சதவீதத்தினருக்கும் தின்றுவந்தவர்களில் 3.2 சதவீதத்தினருக்கும் அலர்ஜி இருந்தது. தவிர்ப்பு பாதுகாப்பானது என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. மானாவாரிக் கடலைக்காடுகள் நிறைந்த இந்தச் சமவெளியில், பல் முளைக்கும் முன்பே கடலைச் சட்னி நாக்கில் படும் வழக்கத்தைக் கைவிடாமல் இருப்பதுதான் நல்லது. ஆனால் ஏற்கெனவே கடும் கரப்பானோ முட்டை அலர்ஜியோ உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். முழுக்கடலையை எந்தச் சிறு குழந்தைக்கும் தரக்கூடாது, அது தொண்டையில் அடைக்கும்.

நேரக் கணக்கை வைத்துப் பிரிப்பது எல்லா இடத்திலும் செல்லாது என்பது மருத்துவர்கள் எழுப்பக்கூடிய மறுப்பு, இதுதான் கனமானது. சில கைக்குழந்தைகளுக்குப் பாலோ அரிசியோ முட்டையோ கொடுத்த ஒன்று முதல் நான்கு மணி நேரத்தில் ஓயாத வாந்தியும் சோர்வும் வரும்; எதிர்ப்பு மண்டலம் சார்ந்ததே, ஆனால் ஐ.ஜி.ஈ பரிசோதனையில் சிக்காது. உண்ணி கடித்ததால் ஏற்படும் இறைச்சி அலர்ஜி, தின்று மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்தே வரும். கோதுமை தின்றால் ஒன்றும் ஆகாது, தின்றுவிட்டு ஓடினால் மட்டும் மயங்கி விழுவோரும் உண்டு. சீலியாக் நோய் கோதுமையின் குளுட்டனால் குடலை மாதக்கணக்கில் அரிப்பது; அது அலர்ஜியும் அல்ல, ஒத்துக்கொள்ளாமையும் அல்ல. 2016-இல் வந்த ஓர் இந்திய ஆய்வின்படி வடக்கில் 1.23 சதவீதம் இருக்கும் அது, தெற்கில் 0.10 சதவீதம்தான், பரோட்டா தின்றபின் வயிறு மந்தமாவதற்கெல்லாம் குளுட்டனைக் குற்றம் சொல்வது இங்கே அநேகமாகத் தவறு. இந்த விதிவிலக்குகள் அந்தக் கேள்விகளைப் பொய்யாக்கவில்லை. எந்த நோயாளியை மேலே அனுப்ப வேண்டும் என்பதை அதே கேள்விகள்தான் காட்டுகின்றன. துவண்டுபோகும் அளவுக்கு வாந்தி, எடை கூடாத பிள்ளை, மயக்கம் ஆகியவை எத்தனை மணி நேரம் கழித்து வந்தாலும் வீட்டு வைத்தியத்துக்கு உரியவையல்ல. பத்தியம் காலங்காலமாகக் கண்ட உண்மை அல்லவா என்று சொல்வோருக்கும் பதில் உண்டு. ஓர் உணவை நிறுத்திப் பார்ப்பது நல்ல முறைதான். இரண்டு மூன்று வாரம் கழித்து அதை மறுபடி சேர்த்துப் பார்ப்பது அதன் மறுபாதி. அந்த மறுபாதி நம் வழக்கத்தில் பெரும்பாலும் விட்டுப்போகிறது. வயிற்றோடு நிற்கும் தொல்லைக்கு வீட்டிலேயே அப்படிச் செய்யலாம். உதடு வீங்கிய, மூச்சுத் திணறிய பிள்ளைக்கு ஒருபோதும் வீட்டில் செய்யக்கூடாது.

உண்மையான அலர்ஜி வந்துவிட்டால் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தடிப்போடு வரும் நோயாளிக்கு, ஹிஸ்டமினை அடக்கும் அவில் ஊசி போட்டு அனுப்புவது நம் கிளினிக்குகளின் வழக்கம். தடிப்பு மட்டும் என்றால் அது போதும். மூச்சிரைப்பு, தொண்டை அடைப்பு, குரல் மாற்றம், மயக்கம் இவற்றில் ஒன்று சேர்ந்துவிட்டால் அவில் உயிரைக் காக்காது; தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின்தான் காக்கும், அதுவும் தாமதமின்றி. தடுப்பூசி போடும் இடங்களில் அது எப்போதும் இருக்க வேண்டிய மருந்து, விலையும் அதிகமில்லை. 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தி வைக்க வேண்டும். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரலாம். எழுந்து நடக்கவிடக் கூடாது. தவிர்ப்பதிலும் சிக்கல் உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிகளின்படி, பொட்டலத்தில் வரும் உணவில் பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா, குளுட்டன் உள்ள தானியம் முதலியவை இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும். தட்டில் வரும் உணவுக்கு லேபிள் ஏது? சேலத்துத் தெருமுனையில் தட்டுவடை செட் வாங்கும்போது அதில் கடலை சேர்ந்திருக்கிறதா என்பதும், பேக்கரி பன்னின் மேல் முட்டை தடவியிருக்கிறதா என்பதும் கேட்டால்தான் தெரியும். கேட்பவருக்குத் தன் அலர்ஜி எதற்கென்று தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். கேட்கப்படுபவர் அதைப் பிகு என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு வயிற்று மந்தத்துக்கும் அலர்ஜி என்ற பெயர் வைத்துவிட்டால், உண்மையான அலர்ஜிக்காரர் சொல்வதையும் கடைக்காரர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்.

சத்துணவுக் கூடத்தில் இதற்குப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை. முட்டை சாப்பிடாத பிள்ளையின் பெயருக்கு எதிரே காரணத்தையும் எழுதலாம்: வீட்டு வழக்கம், பிடிக்காதது, வயிற்றுத் தொல்லை, தடிப்பு அல்லது மூச்சிரைப்பு. ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய என்னும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கொரு முறை பள்ளிக்கு வருகிறது; நான்காவது காரணம் எழுதப்பட்ட பிள்ளைகளை மட்டும் அந்தக் குழு அமர்த்தி, எப்போது, எவ்வளவு, எவ்வளவு நேரத்தில், எங்கெங்கே என்று தாயிடம் கேட்டால் போதும். கதை பொருந்தினால் சேலத்திலோ நாமக்கல்லிலோ உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பலாம். குழந்தை மருத்துவர் தேவையென்று கருதினால், அட்ரினலினைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, வேகவைத்த முட்டையில் பட்டாணி அளவில் தொடங்கி ஒரு காலைப்பொழுதில் முழு முட்டைவரை கொடுத்துப் பார்ப்பார். தாங்காத பிள்ளையின் பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதி, சமையலருக்கும் வகுப்பாசிரியருக்கும் சொல்லி, அடுத்த பரிசோதனைக்கான ஆண்டையும் குறித்து வைக்க வேண்டும். தாங்கிய பிள்ளைக்கு மறுநாள் முதல் தட்டில் முட்டை வைக்கலாம்.